கண்டதோ, கேட்டதோ

என் அப்பாவைப் புதைத்த அன்று, ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு எல்லோரும் குடைகளோடு காருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் குழிக் கரையிலேயே நின்றார். கறுப்புக் கோட், கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை, செபமாலை இருக்க வேண்டிய கையில் போன். அதை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். துக்கத்தில் நிற்கிறார் என்று நினைத்து நான் போய்த் தோளைத் தொட்டேன். பேசாதே என்று கையால் காட்டினார். அந்த இடம் வரைபடத்தில் எங்கே என்ற அளவைப் போன் எடுத்து முடிய அரை நிமிடம் பிடிக்குமாம், ஆள் அசைந்தால் பிழையாகிப் போகுமாம். எடுத்து முடிந்ததும் என் பக்கம் திரும்பி, குழியின் வரிசை நம்பர் சரிதானா என்று இடுகாட்டு அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு அனுப்பச் சொன்னார். அப்பா மண்ணுக்குள் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் எங்களுக்கு இரத்த உறவு இல்லை. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியைக் கட்டியவர். திருகோணமலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊரில் அவர் இருந்தது மொத்தமாக ஒரு கிழமை, ஏழே நாள், அதுவும் கலியாணம் முடிந்த கையோடு. பிள்ளைகள் இல்லை. சித்தப்பா போன பிறகு லண்டனில் கிங்ஸ்பரி வீட்டில் தனியே இருந்தார். முறைப்படி சித்தி என்று கூப்பிட வேண்டும், நாங்கள் அன்ரி என்றுதான் கூப்பிட்டோம். லண்டனில் பிறந்ததுகள் 'ட்ரீ அன்ரி' என்றன. எங்கள் குடும்பத்துக்கென்று இணையத்தில் ஒரு வம்ச மரம் இருந்தது. லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ என்று எங்கே இருந்தாலும் எவரும் உள்ளே போய்ப் பெயர் சேர்க்கலாம், படம் போடலாம், திருத்தலாம். அந்த மரத்துக்குக் காவல் அன்ரி. அந்த மரத்தில் அவருக்கென்று இருந்ததோ சித்தப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிய ஒரு கட்டம் மட்டும்தான்.

அவர் கைக்கு வரும்போது மரம் இருந்த கோலத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆட்களின் பெயர்கள் ஒருவாறு சரியாக இருந்தன. இடங்கள்தான் குப்பை. ஊரில் இரண்டு கோயில்கள் இருக்க, இரண்டையுமே ஆட்கள் 'பெரிய கோயில்' என்று எழுதி வைத்திருந்தார்கள், அவரவருக்கு அவரவர் கோயில் பெரிது. ஒரே கோயில் ஒன்பது விதமான பெயர்களில் ஒன்பது இடங்களாகக் கிடந்தது. ஒரு மாமா தன் தாயை அடக்கம் செய்த இடம் என்று 'எங்கட வீட்டுக்குப் பின்னுக்கு' என்று எழுதியிருந்தார். அந்த வீட்டை அவர் விற்றுவிட்டு வேறு நாட்டுக்குப் போயே பல வருடம்.

அன்ரி தபால் பிரிக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைப் பார்த்தால் பெயரைப் படிக்க மாட்டார், கடைசி வரியைத்தான் படிப்பார். அதே கண்ணோடு மரத்துக்குள் இறங்கினார். நாடு, அதற்குள் மாவட்டம், அதற்குள் ஊர், ஊருக்குள் பங்கு, பங்குக்குள் கோயில், கோயிலுக்குக் கீழே சேமக்காலை. கத்தோலிக்கர் நாங்கள் இடுகாட்டைச் சேமக்காலை என்போம். ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி குத்தினார். ஒன்பது கோயிலை ஒன்றாக்கினார். ஒவ்வொரு அடக்கத்துக்கும் பக்கத்தில் இரண்டில் ஒரு சொல் எழுதினார். யாராவது நேரே பார்த்து உறுதி சொன்னால் 'கண்டது', வாய்ப்பேச்சு மட்டும் என்றால் 'கேட்டது'.

இந்த இரண்டு சொல்லும்தான் அவருடைய வேதம். கலியாண வீட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்க மாட்டார். உம்முடைய பெரியம்மாவை எங்கே வைத்தது என்று கேட்பார். சொன்னால், பல்லு மினுங்கச் சிரித்துக்கொண்டு அடுத்த கேள்வி வரும்.

"கண்டனீரோ, கேட்டனீரோ?"

எங்களுக்குள் இது பகிடியாகிவிட்டது. கொத்து ரொட்டி நன்றாயிருக்கிறது என்று ஒருவன் சொன்னால் மற்றவன், கண்டனீரோ கேட்டனீரோ என்பான்.

பாரிசில் ஒரு மச்சாளுக்குப் புருஷன் திடீரென்று போய்விட்டான். அழுதுகொண்டே மரத்துக்குள் போய், அடக்க இடம் என்ற கட்டத்தில் 'மோட்சம்' என்று எழுதியிருக்கிறாள். மறுநாள் காலை அதைக் காணவில்லை. அன்ரி அழித்துவிட்டார். அழித்ததோடு விடாமல் போன் எடுத்து, மோட்சத்துக்கு வரைபடத்தில் புள்ளி போட ஏலாது பிள்ளை என்று ஆறுதலாக விளக்கியிருக்கிறார். பிறகு வழக்கமான கேள்வியையும் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் மச்சாள் குழறி அழுதிருக்கிறாள். அன்ரி, அவள் அழுது முடியும் மட்டும் பொறுமையாகக் காத்திருந்து, பாரிசில் எந்தச் சேமக்காலை, எத்தனையாம் வரிசை என்று கேட்டாராம்.

பெரியப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோது பார்க்கப் போனவர்கள் எல்லோரும் திராட்சைப்பழம் கொண்டு போனார்கள். அன்ரி கொப்பியும் பென்சிலும் கொண்டு போனார். வாயிலே மாஸ்க் போட்டிருந்த மனிதனிடம், எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தது என்று கேட்டார். பெரியம்மா முறைத்ததைப் பார்த்து, "பிறகு கேக்கேலாதல்லோ," என்றார். அதைக் கெட்ட மனதோடு சொல்லவில்லை, பஸ் போய்விடும் என்று சொல்வதுபோலச் சொன்னார். பெரியப்பா மாஸ்க்கைத் தூக்கிக் கோயில் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, தான் அப்போது கைக்குழந்தை, ஆகவே 'கேட்டது' என்று போடும்படியும் சொன்னார். சாகப் போகிற நேரத்தில் அவருக்கும் அந்த வியாதி தொற்றியிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். பெரியம்மா ஒரு வருடம் அன்ரியோடு பேசவில்லை. ஆனால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடித்தபோது, பெரியப்பாவின் விவரமெல்லாம் அன்ரியின் மரத்திலிருந்துதான் எடுத்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் அந்த மனுஷியில் உயிராய் இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். காரணம் இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு தங்கை எட்டு மாதத்தில் செத்துப்போனது. அதற்கு எங்கே குழி வெட்டினார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது, கேட்கவும் ஊரில் ஆள் இல்லை. அப்பாவின் கடைசி வருடத்தில் அன்ரி ஊர்ப் பங்குச் சுவாமியாருக்கு இருபது தரமாவது எழுதி, பழைய அடக்கப் புத்தகத்தின் பக்கங்களைப் படமாக எடுப்பித்து, பூச்சி அரித்த ஒரு பக்கத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்தார். தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கே வந்து, மடிக்கணினியை அப்பாவின் மடியில் வைத்து, "அண்ணை, இதில தான் தங்கச்சி," என்று புள்ளியைக் காட்டினார். தன் சொந்தத் தாய் செத்தபோதுகூட அழாத மனிதர், திரையில் அந்தப் புள்ளி மேல் விரலை வைத்தபடி அழுதார். அன்றிலிருந்து அன்ரி எது கேட்டாலும் செய்தேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை லண்டன் பிரிட்ஜுக்கு ரயில் எடுத்து, அங்கிருந்து ஜூபிலி லைனில் கிங்ஸ்பரி போய், அவருடைய கொம்பியூட்டரைத் துடைத்துத் துப்புரவாக்கிக் கொடுப்பது என் வேலை. மரத்தின் இரண்டாவது திறப்பை, அதாவது இடங்களைப் பிரிக்கவும் ஒன்றாக்கவும் கூடிய உரிமையை, எனக்கு மட்டும்தான் தந்திருந்தார்.

அந்தக் கொம்பியூட்டருக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கவுன்சில் கடிதம் வந்த உறையைப் பிரித்து, உட்பக்கத்தில் நீலப் பேனையால் கீறிய படம். ஒரு நீள்சதுரம், அதன் நடுவே குறுக்காக ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் 'உள்', மறுபக்கம் 'வெளி'. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், சேமக்காலை என்பார்.

எங்கள் ஊர்ச் சேமக்காலைக்கு நடுவே ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. சுவருக்கு உள்ளே கிடப்பவர்கள் உயிரோடு இருந்தபோது கோயிலில் மர வாங்கில் அமர்ந்து பூசை கண்டவர்கள். வெளியே கிடப்பவர்கள் பக்கக் கதவால் வந்து நிலத்தில் இருந்து கண்டவர்கள். பச்சையாகச் சொன்னால் சாதி. கிறிஸ்து எல்லாருக்கும் பொதுவென்று பிரசங்கம் கேட்ட வாயால், செத்த பிறகும் நாங்கள் கலந்துவிடக் கூடாது என்று கல் அடுக்கி வைத்திருந்தோம். அந்தச் சுவர் இப்போது இல்லை. ஒரு பாதி யுத்தத்தில் செல் விழுந்து போனது. மிச்சத்தை ஒரு இளம் சுவாமியார் பெடியங்களைக் கூட்டி இடித்து, அந்தக் கல்லில் கோயில் கிணற்றுக்குக் கட்டுக் கட்டினார். இன்று போய்ப் பார்ப்பவனுக்கு அங்கே அடம்பன் கொடியும் ஆட்டுப் புழுக்கையும்தான் தெரியும்.

ஊரில் இடிந்துபோன சுவரை அன்ரி கிங்ஸ்பரியில் இருந்துகொண்டு திரும்பக் கட்டினார். அவருக்கு அந்தச் சுவரே தெரியாது, அவர் எங்கள் ஊர்க்காரி அல்லவே. யாரோ சொல்லப்போய்த் தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரே சேமக்காலை என்று எழுதியிருந்த இடத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்குச் 'சுவருக்கு உள்ளே' என்றும் மற்றதற்குச் 'சுவருக்கு வெளியே' என்றும் பெயர் வைத்தார். ஊரில் ஒருவரைப் பிடித்து, போனோடு, எங்கள் குடும்பமோ இல்லையோ, ஒவ்வொரு குருசாக நடக்க விட்டு, படமும் அளவும் எடுப்பித்தார். பழைய அத்திவாரக் கல்லைத் தேடச் சொல்லி, கோடு எங்கே போனது என்று கண்டுபிடித்தார். வரிசை வரிசையாக 'கேட்டது' எல்லாம் 'கண்டது' ஆகிக்கொண்டு வந்தது. அவருக்கு அதில் இருந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளையாய் வந்த பெட்டை மாதிரி இருந்தார்.

எங்கள் குடும்பம் அல்லாத ஊராட்களும் மரத்தைப் பார்க்கத் தொடங்க, கடிதங்கள் வந்தன. கனடாவிலிருந்து, சுவிசிலிருந்து, அப்டன் பார்க்கிலிருந்து. இன்னாருடைய பாட்டனார் எந்தப் பக்கம், ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ என்று. எல்லாம் கலியாணப் பேச்சுக்கு. ஆட்களுக்கு இப்போதுதான் வம்சத்தில் அக்கறை வந்திருக்கிறது என்று அன்ரி பெருமைப்பட்டார். ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே பதில் எழுதினார்.

இனி என் வீட்டுக் கதை. என் அம்மாவின் ஆட்கள் கொழும்பு என்றுதான் லண்டனில் எல்லோருக்கும் தெரியும். அம்மா கொழும்பில் பிறந்தது உண்மை. ஆனால் அம்மாவின் அப்பா, எங்கள் அம்மப்பா, எங்கள் ஊரில் பிறந்து, கடைசிக் காலத்தில் அங்கேயே திரும்பிப்போய்ச் செத்து, சுவருக்கு வெளியே கிடக்கிறார். அப்பாவின் ஆட்கள் சுவருக்கு உள்ளே. அப்பா வேலைக்குப் போன இடத்தில் அம்மாவை விரும்பிக் கட்டியவர். அந்தக் கதையை வீட்டில் எடுப்பதில்லை. எனக்கும் தங்கைக்கும் தெரியும், அதற்குக் கீழே எவருக்கும் தெரியாது. மரத்தில் அம்மப்பாவின் அடக்க இடம் கொழும்பு என்று எழுதியவன் நான். அன்ரி அதன் பக்கத்தில் 'கேட்டது' என்று போட்டு வைத்திருந்தார்.

தங்கையின் மகள் ஷெரின் பார்மசியில் வேலை செய்கிறாள். அவளுக்கு அப்டன் பார்க்கில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி, மண்டபம் பிடித்து, சேலை எடுத்து, கலியாணத்துக்கு ஆறு கிழமை இருந்தது. மாப்பிள்ளையின் தாய் எங்கள் ஊர், சுவருக்கு உள்ளே கிடப்பவர்களின் பேத்தி. மரத்தைத் தினமும் திறந்து பார்ப்பவர்களில் அந்த மனுஷியும் ஒருத்தி. ஒரு சனிக்கிழமை காலை எல்லோருக்கும் மரத்திலிருந்து வழக்கமான மின்னஞ்சல் வந்தது, இந்தக் கிழமை திருத்தப்பட்ட இடங்கள் என்று. திறந்தேன். நாலாவது வரியில் அம்மப்பா. கொழும்பு அழிக்கப்பட்டிருந்தது. எங்கள் ஊர்ச் சேமக்காலை, சுவருக்கு வெளியே, மூன்றாம் வரிசை. கண்டது.

நான் முகம்கூடக் கழுவாமல் ரயிலேறினேன். அன்ரி கதவைத் திறந்ததும், சந்தோசமான சேதி சொல்லப் போகிறவர் போலக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். குருசின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சிமெந்தில் ஆணியால் கீறிய பெயர், சாய்ந்துபோன குருசு. நானே மாற்றினாலும் மறுநாளே அவர் திருத்திவிடுவார் என்று தெரியும், கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னேன்.

"அன்ரி, அந்தப் புள்ளியைப் பதினைஞ்சு மீற்றர் இஞ்சால, சுவருக்கு உள்ளுக்கு நகர்த்தி விடுங்கோ. ஆறு கிழமைக்கு மட்டும். பிள்ளையின்ர கலியாணம் முடியட்டும்."

"பதினைஞ்சு மீற்றர் இஞ்சால வேற ஒராள் கிடக்கிறார் தம்பி."

"அவை சாதி பாப்பினம். கலியாணம் குழம்பிப் போகும்."

"அது அவையின்ர பிழை. நான் சாதி பாக்கிறேல்ல. ஆள் கிடக்கிற இடத்தைத் தான் பாக்கிறன்."

உண்மைதான், அவர் பார்க்கிறவர் இல்லை. எவர் வீட்டிலும் கை நனைப்பார், எவருடைய பிள்ளையையும் தூக்கி மடியில் வைப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பார்க்கிறவராக இருந்திருந்தால் ஏசிவிட்டுப் போயிருக்கலாம். நான் குரலை உயர்த்தினேன். இல்லாத சுவரைக் கட்டச் சொல்லி உங்களிடம் ஆர் கேட்டது என்று கத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. எழும்பிப் போய், கொம்பியூட்டருக்கு மேலே ஒட்டியிருந்த அந்த உறைத் தாளில் விரலை வைத்தார்.

"இது உம்மட எழுத்துத் தானே?"

என் எழுத்துத்தான். இதுவரை சுற்றி வளைத்து, யாரோ சொல்லப்போய் என்று எழுதிக்கொண்டு வந்தேனே, அந்த யாரோ நான். மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகனுக்கு ஒரு பெட்டையைப் பேசி வந்தார்கள், எங்கள் ஊர் வழி. நல்ல பிள்ளை, வீட்டுக்கு வந்து எங்களோடு சோறும் தின்றது. பாட்டனார் சுவருக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்லச் சொல்லி அன்ரியிடம் கேட்டவன் நான். அது என்ன பக்கம் என்று அவர் விளங்காமல் விழித்தார். மேசையில் கிடந்த கவுன்சில் உறையை எடுத்துக் கிழித்துக் கீறிக் காட்டினேன். உள் என்றும் வெளி என்றும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெட்டையின் பாட்டனார் வெளியே என்று தெரிந்ததும், மகனுக்கு இப்போது கலியாண எண்ணம் இல்லை என்று சொல்லி விட்டோம். என் அம்மப்பா அதே வெளியில் கிடக்கிறார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் சொன்னேன். எங்கள் வீட்டில் வெளியே கிடப்பவர் ஒருவருக்கு மேல் கூடிவிடக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ, வெட்கம் கெட்ட மனதுக்குக் காரணம் தேட முடியாது. மகன் பிறகு தானாக ஒரு போலந்துக்காரியைக் கட்டினான். அவளுடைய பாட்டனார் எந்தச் சுவருக்கு எந்தப் பக்கம் என்று கேட்க எனக்கு அங்கே ஆள் இல்லை.

"நீர் அண்டைக்குக் கீறினது சரியான படம்," என்றார் அன்ரி. "ஊரில அந்த ஆளும் இதே கோட்டை வைச்சுத்தான் அளந்தவர். ஒரு அடி பிழைக்கேல்ல."

என்னை மெச்சித்தான் சொன்னார். திரும்பி வரும் வழியில் ஜூபிலி லைன் நிலத்துக்குக் கீழே இறங்கியதும் போன் வேலை செய்யவில்லை. லண்டன் பிரிட்ஜில் ஏறி வெளியே வந்ததும் தங்கையின் பதினொரு அழைப்பு தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டில் பேசியிருக்கிறார்கள். சாதி என்ற சொல் அவர்கள் வாயில் வரவில்லை, லண்டனில் எவர் வாயிலும் வராது. பெடியனுக்கு வேலை மாறுகிறதாம், கொஞ்சம் ஆறப் போடுவோமாம்.

ஷெரின் என்னிடம் தனியாகக் கேட்டாள். அவள் அழவில்லை, அழுது முடிந்திருந்தது. அவன் அனுப்பிய செய்தியில் தன் தாய் ஏதோ சுவரைப் பற்றிச் சொல்கிறாள், தனக்கு ஒன்றும் விளங்கவில்லை, மன்னித்துவிடு என்று இருந்ததாம்.

"மாமா, வட் வோல்?"

எந்தச் சுவர் என்று கேட்கிறது இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. பிறந்த நாள் தொட்டு லண்டன். அவளுக்கு அந்தச் சுவரைக் கீறிக் காட்ட என்னால் முடியவில்லை. ஊரில் முந்தி ஒரு சுவர் இருந்தது, இப்போது இல்லை என்றேன். இல்லாத சுவரில் தான் எப்படி மோதினாள் என்று அவள் கேட்கவில்லை. 

கலியாணத்துக்குக் குறித்திருந்த அதே சனிக்கிழமை, தங்கை வீட்டு வாசலில் அன்ரி வந்து நின்றார். கையில் சட்டம் போட்ட படம், அம்மப்பாவின் சாய்ந்த குருசு. கலியாணம் நின்றது அவருக்குத் தெரியும், அதற்கு வருத்தமும் சொன்னார். ஆனால் அவர் வந்தது வேறு விசயத்துக்கு. "இனி ஊருக்குப் போனா நேர போய் மெழுகுதிரி கொளுத்தலாம், இடம் தேடத் தேவையில்ல," என்றார். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஷெரின் மேலேயிருந்து இறங்கி வந்து, படத்தை வாங்கிக் கனநேரம் பார்த்தாள். இந்த மனிதர் எனக்கு ஆர் என்று கேட்டாள். பூட்டன் என்றதும், தன் அறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அம்மப்பாவை மதித்த ஒரே ஆள் அவள்தான்.

நான் அதற்குப் பிறகு கிங்ஸ்பரி போகவில்லை. அன்ரி வழமைபோல ஒவ்வொரு கிழமையும் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தார், பிழை இருந்தால் சொல்லும் என்று. போன மாரிக் குளிரில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. நெருங்கிய உறவு என்று என் பெயரைக் கொடுத்திருந்தாராம். போனேன். மெலிந்து தலையணைக்குள் புதைந்து கிடந்தார். எட்டு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. தனக்கென்று வாங்கி வைத்திருந்த குழியின் வரிசையும் நம்பரும் சொன்னார். மரத்தில் தன் கட்டத்தில் அதை எப்போதோ எழுதியாயிற்று, ஆனால் 'கேட்டது' என்றுதான் போட்டிருக்கிறது, "நீர் வந்து நிண்டு அளந்துபோட்டு மாத்திவிடும்," என்றார். அதைக் கேட்டபோது, அந்த மனுஷி மீது எனக்கு இருந்த வெறுப்பையும் அன்பையும் பிரித்து வைக்க என்னால் முடியவில்லை.

அடக்கத்துக்குப் பதினாலு பேர் வந்தோம். எல்லோரும் மண் போட்டுத் திரும்பிய பிறகு நான் குழிக் கரையில் நின்று, போனை வயிற்றுக்கு நேரே பிடித்து, அரை நிமிடம் அசையாமல் நின்றேன். யாரோ வந்து தோளைத் தொட்டார்கள். பேச வேண்டாம் என்று கையால் காட்டினேன்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் மரத்தைத் திறந்தேன். அன்ரியின் கட்டத்தில் 'கேட்டது' என்பதை அழித்துக் 'கண்டது' என்று போட்டேன். அதோடு நிற்கவில்லை. இப்போது திறப்பு என்னிடம் மட்டும்தான். இடங்களின் பட்டியலுக்குப் போய், இரண்டு சேமக்காலையையும் தெரிவு செய்து, ஒன்றாக்கு என்று கொடுத்தேன். ஒன்பது கோயிலை அன்ரி ஒன்றாக்கிய அதே வழிதான். ஒன்றாக்கினால் மறுபடி பிரிக்க முடியாது, நிச்சயம்தானா என்று திரை கேட்டது. ஆம், இல்லை என்று கீழே இரண்டு பெட்டிகள். நிச்சயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது போன் அடித்தது. தங்கை.

அன்ரியின் அடக்கம் எப்படி நடந்தது என்று இரண்டு வார்த்தை கேட்டாள். அவள் வரவில்லை. பிறகு குரலைத் தணித்தாள். ஷெரினுக்கு ஒரு பெடியன் சரிவந்திருக்கிறதாம். தரகர் இல்லை, பேச்சு இல்லை, பிள்ளையே வேலை இடத்தில் பார்த்துப் பிடித்து வந்து சொல்லியிருக்கிறாள். இவ்வளவு நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரிக்கிறாளாம். பெடியன் ரொறொன்ரோவில் பிறந்தவன், ஆனால் தகப்பன் வழி எங்கள் ஊராம்.

"அண்ணை, அந்தச் சேமக்காலை விசயம் இப்ப உங்கட கையில தானே? அவன்ர அப்பப்பா எந்தப் பக்கம் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. இவளுக்குச் சொல்லாதேங்கோ."

சுவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் அது உண்மையாகவும் ஆகியிருக்கும். நான் பெயர் என்ன என்று கேட்டேன். 'நிச்சயம்தானா' என்ற கேள்வியைத் திரையில் அப்படியே விட்டு, பக்கத்தில் இன்னொரு சாளரத்தைத் திறந்து தேடினேன். கிடைத்தது. மூன்றாம் வரிசை. எங்கள் அம்மப்பாவுக்கு அடுத்த குருசு.

"வெளியே," என்றேன்.

தங்கையின் பின்னால் ஷெரின் யாரோடோ போனில் கதைத்துச் சிரிப்பது கேட்டது.

"கண்டதோ, கேட்டதோ?"

"கண்டது."

"அப்ப வேண்டாம் அண்ணை. நான் அவளுக்கு வேற ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன்."

போனை வைத்தாள். திரையில் அந்தக் கேள்வி இன்னும் நின்றது. நான் 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு, கோட்டைக் கழற்றிக் கொழுவினேன்.